விளையாட்டரங்கை இடித்தலும் இடிபொருளை மீட்டலும்

கொல்கத்தா நகரில், ஹூக்ளி நதியின் கீழ்க்கரைக்கு அண்மையில், உயர் நீதிமன்றத்திற்கும் ஆகாசவாணி பவனத்திற்கும் அடுத்தாற்போல் ஈடன் கார்டன்ஸ் என்னும் கிரிக்கெட் அரங்கு அமைந்துள்ளது. 1864-ஆம் ஆண்டில் தோன்றிய இம்மைதானம், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆக்லண்டு பிரபுவின் சகோதரியரான ஈடன் அம்மையாரின் குடும்பப் பெயரைத் தாங்கியதாகும். 1934 ஜனவரியில் இந்தியாவும் இங்கிலாந்தும் முதன்முதலாக இங்கு டெஸ்ட் ஆட்டம் ஆடின. 1987 நவம்பர் 8-ஆம் நாள் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் இங்கேயே நடைபெற்றது.

இத்தகைய பெருமை வாய்ந்த அரங்கின் பார்வையாளர் மாடங்களிற் பல, 2011-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைப் போட்டியை முன்னிட்டு இடிக்கப்பட்டுப் புதிதாக எழுப்பப்பெற்றன. முன்பு 90,000-க்கு மேற்பட்டோர் அமர்ந்த அரங்கு, இவ்வேலைக்குப் பின் 70,000-க்கும் குறைவானவர்களுக்கே இடமளிப்பதாயிற்று. வேலை குறித்த காலத்தில் முடிவுறாமையால், அவ்வாண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் இங்கு நடைபெற இருந்த இந்தியா - இங்கிலாந்து ஆட்டம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. நகர மக்களுக்கு அது பெரிய ஏமாற்றம். மார்ச் மாதத்தில் வேறு 3 ஆட்டங்கள் ஈடனில் நடந்தேறின.

ஓர் அரங்கைக் கட்டும்போது அதைப் பற்றிப் பேசுவோர் பலர். அதை இடிக்கும்போது, அங்கிருந்து வெளியேறும் பல்லாயிரம் டன் கான்கிரீட்டும் செங்கல்லும் இரும்பும் எங்குச் செல்கின்றன என்று வினவுவோர் மிகச் சிலரே. கல்லே கிடைக்காத வண்டல் நிலத்தின்மீது எழுந்துள்ள கொல்கத்தாவைப் போன்ற நகருக்கு இவ்வினா மிக முக்கியமானது. இடிக்கும் முறைகள் யாவை, இடிபொருள்களில் எவை மீண்டும் பயன்படும், எவை பயன்படா, அவற்றைக் கவனியாது விட்டால் விளையும் கேடு யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அரங்குகள் இடிக்கப்படுவதன் காரணங்கள்

ஒரு விளையாட்டரங்கு 40, 50 ஆண்டுகளில் இடிபடுவதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, கட்டடத்தின் மூப்பு. கான்கிரீட்டினுள் பதித்த இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது, அதனைச் சூழ்ந்துள்ள சிமெண்டின் காரத்தன்மையாலேயாகும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டினுள் மெல்ல ஊடுருவி, அக்காரத்தைக் குறைக்கிறது. அதன்பின் ஈரமும் பிராணவாயுவும் கம்பியைத் தாக்குகின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலுள்ள கான்கிரீட்டு வெடித்துச் சிதறுகிறது. கொல்கத்தாவைப் போல் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் ஊர்களில் இது விரைவாக நிகழும். கூரையற்ற மாடங்களின் படிகளில் மழைநீர் தேங்கி நிற்பதும் இதற்குத் துணைசெய்கிறது.

இரண்டாவது காரணம் மக்களின் பாதுகாப்பு. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் இதே ஈடன் மைதானத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் குழுக்கள் மோதியபோது, மாடத்தில் ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். வங்காளத்தில் அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது. நீண்ட கான்கிரீட்டுப் படிகளில் அளவின்றி மக்களை நெருக்கி அமர்த்திய காலம் போய், ஒவ்வொருவருக்கும் தனி இருக்கையும், இடையிடையே அகன்ற வழிகளும், விரைவில் வெளியேறத் தக்க வாயில்களும் வேண்டுமென்பது இன்றைய விதி. இடங்களின் எண்ணிக்கை குறைவதற்கு இதுவே பெரிதும் காரணமாகும்.

மூன்றாவது, காட்சி வசதி. சென்னைச் சேப்பாக்கம் அரங்கின் பழைய மாடங்களில் கூரையைத் தாங்கிய தூண்கள் ஆட்டத்தை மறைத்தன, கடற்காற்றும் உட்புகவில்லை. 2011-ஆம் ஆண்டுக்கு முன் அம்மாடங்களிற் சில இடிக்கப்பட்டு, எஃகு வடங்களால் தாங்கப்பெறும் மெல்லிய துணி போன்ற கூரைகளுடன் புதிய மாடங்கள் எழுந்தன. எஞ்சிய பழைய பகுதிகளிற் சிலவும் பின்னர் அகற்றப்பட்டு, 2023 மார்ச்சில் மற்றுமொரு புதிய மாடம் திறக்கப்பட்டது. ஆமதாபாத்தில் மோட்டேராவிலிருந்த அரங்கு முழுவதுமே இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் அமரும் அரங்கு 2020-இல் திறக்கப்பெற்றது.

ஆயினும் இடிப்பதே எப்போதும் வழியன்று. கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் 1984 ஜனவரியில் திறக்கப்பட்ட விவேகானந்த யுவ பாரதி அரங்கு இதற்கு நல்ல சான்று. 1997 ஜூலையில் நடந்த ஒரு கால்பந்தாட்டத்திற்கு 1,30,000-க்கு மேற்பட்டோர் அங்குத் திரண்டனர். 2017-இல் 17 வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அது சீரமைக்கப்பட்டபோது, அடிப்படைக் கட்டுக்கோப்பு அப்படியே இருக்க, இருக்கைகளும் வழிகளும் ஆடுதரையுமே மாற்றப்பட்டன. இடவசதி சுமார் 85,000 ஆகக் குறைந்தது. அவ்வளவு கான்கிரீட்டும் நின்ற இடத்திலேயே மேலும் பல ஆண்டு உழைக்கப்போகிறது. மீட்டுப் பயன்படுத்தும் முறைகளில் இதனையே முதன்மையானதாகக் கொள்ளவேண்டும்.

எவ்வளவு பொருள்?

அரங்கு ஒன்றில் அடங்கியுள்ள பொருளின் அளவை வாசகர்கள் தாமே எளிதாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவர் அமரும் படியின் பரப்பு சுமார் 0.4 சதுர மீட்டர் என்றும், படியின் கனம் 15 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். 25,000 பேர் அமரும் மாடத்தில் படிகளின் மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டர்; கன அளவு 1,500 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2.4 டன். ஆகவே, படிகள் மட்டுமே 3,600 டன் ஆகின்றன. 10 டன் ஏற்றும் லாரிகளில் கொண்டுசென்றால் 360 நடை வேண்டும். இக்கன அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு கம்பி என்று கொண்டால், அதுவே 118 டன் எஃகு. தூண்கள், உத்தரங்கள், கூரை, அஸ்திவாரம் ஆகியவற்றையும் சேர்த்தால் இக்கணக்கு பன்மடங்கு பெருகும்.

இடிக்கும் முறைகள்

கடப்பாறையும் சம்மட்டியும் கொண்டு மேலிருந்து கீழாக இடித்துவருவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கும் முறை. இம்முறையில் செங்கல்லும் மரமும் கதவும் உடையாமல் கிடைக்கும். ஆனால் கம்பி பதித்த கனத்த கான்கிரீட்டிற்கு இது போதாது. வேலையாட்களுக்கும் ஆபத்து மிகுதி. இப்போது நீண்ட கையையுடைய யந்திரங்கள், நண்டின் கொடுக்குப் போன்ற தாடைகளால் கான்கிரீட்டைக் கடித்து நொறுக்குகின்றன. வைரத் துகள் பதித்த கம்பியை ஓடவிட்டு உத்தரங்களைத் துண்டு துண்டாக அறுப்பதும் உண்டு. அதிர்வே கூடாத இடங்களில், கான்கிரீட்டில் வரிசையாகத் துளையிட்டு, சுட்ட சுண்ணாம்பை முதன்மையாகக் கொண்ட ஒரு தூளை நீரில் குழைத்து ஊற்றுவர். கிளிஞ்சற் சுண்ணாம்பை நீற்றும்போது அது பொங்கிப் பருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே இத்தூளும் துளைக்குள் பருத்து, சில மணி நேரத்தில் சத்தமின்றிக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

வெடிமருந்தால் வீழ்த்தும் முறையே மக்கள் கவனத்தைப் பெரிதும் கவர்வது. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலிருந்த கிங்டோம் என்னும் கூரையிட்ட பேரரங்கு, 2000 மார்ச் 26-ஆம் நாள் சுமார் 2 டன் வெடிமருந்தால் 17 விநாடிக்குள் தரைமட்டமாயிற்று. நம் நாட்டில், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் நாள் கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதன் அருகிலிருந்த மற்றொரு கட்டடம் 2016 நவம்பரில் இம்முறையால் தகர்க்கப்பட்டது. 2022 ஆகஸ்டு 28-ஆம் நாள் நொய்டாவில் இரட்டைக் கோபுரக் கட்டடங்கள் சுமார் 3,700 கிலோகிராம் வெடிமருந்தால் வீழ்த்தப்பட்டன. எஞ்சிய இடிபாடு ஏறத்தாழ 80,000 டன் என மதிப்பிடப்பட்டது. இவற்றிலெல்லாம் வெடிமருந்து செய்யும் வேலை, சில தூண்களை ஒரே வரிசைக் கிரமத்தில் முறிப்பது மட்டுமே. கட்டடத்தை நொறுக்குவது அதன் சொந்த எடையேயாகும்.

வெடித்தல் சில விநாடிகளில் முடிந்தாலும், அதற்கு முன் துளையிடவும், பின் குவியலைப் பிரிக்கவும் மாதங்கள் செல்லும். மேலும் எல்லாப் பொருள்களும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், மீட்டெடுக்கும் வேலை கடினமாகிறது. ஈடன் போன்ற இடத்தில் இதற்கு வழியேயில்லை. ஒரு மாடத்திற்கு முன்னே பல்லாண்டு பேணி வளர்த்த ஆடுதரை உள்ளது. பின்னே நீதிமன்றமும் வானொலி நிலையமும் உள்ளன. இளகிய வண்டல் மண்ணில் அதிர்வு பரவுவதையும் கருதவேண்டும்.

அரங்கின் மாடத்தை இடிப்பதில் தனிப்பட்ட ஓர் இடர் உண்டு. பார்வையை மறைக்கும் தூண்கள் இல்லாதவாறு, கூரையும் மேல்மாடமும் பின்புறத்தில் மட்டும் பிடிமானம் பெற்று, முன்புறம் அந்தரத்தில் நீண்டிருக்கும். நம் கிராமங்களில் கிணற்றடியில் இருந்த ஏற்றத்தை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். ஏற்றத்தின் பின்பாரத்தை எடுத்துவிட்டால் முன்பகுதி கிணற்றில் விழும். அதுபோலவே, பின்புறக் கட்டை முதலில் அகற்றினால் முன்னே நீண்ட பகுதி முழுவதும் எதிர்பாராத கணத்தில் சாய்ந்துவிடும். ஆகவே முன்விளிம்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி, கட்டிய வரிசைக்கு நேர்மாறாகப் பிரித்து வருதல் வேண்டும். முன்னதாகவே இழுவிசை ஏற்றப்பட்ட எஃகு வடங்கள் உத்தரங்களுக்குள் இருக்குமாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். அவ்வடத்தை அறியாமல் அறுத்தால், அதில் அடங்கியிருந்த விசை நொடியில் வெளிப்பட்டு அருகிலிருப்போரைக் கொன்றுவிடக்கூடும். பழைய வரைபடங்களைத் தேடியெடுத்துப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

பிரித்தெடுத்தலின் வரிசை

இடிப்பதற்கு முன்பே பிரித்தெடுக்கும் வேலை தொடங்கவேண்டும். முதற்கண் நச்சுப்பொருள்கள். பழைய கூரைகளில் கல்நார்த் தகடுகள் இருந்தால், அவற்றை உடைக்காமல், நனைத்து, உறையிட்டுத் தனியே அகற்ற வேண்டும். கல்நார் இழை நுரையீரலுட் சென்றால் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. அடுத்து இருக்கைகள், கதவுகள், செம்புக் கம்பிகள், அலுமினியத் தகடுகள், குழாய்கள், ஒளிவிளக்குகள் ஆகியவை. இவற்றிற்குக் காயலான் கடைக்காரர்கள் எப்போதும் நல்ல விலை கொடுப்பதால், இவை வீணாவது அரிது. விலை மிகக் குறைந்தும், எடை மிக அதிகமாயும் உள்ள கான்கிரீட்டும் செங்கல்லுமே கவனிப்பாரற்றுப் போகின்றன.

எஃகைப் பொறுத்தவரை கவலை இல்லை. அதனை எத்தனை முறை உருக்கினாலும் தன் குணத்தை இழப்பதில்லை. பழைய இரும்பை மின்சார உலையில் உருக்குவதற்கு, கனிமத்திலிருந்து புதிதாக எஃகு செய்வதைக் காட்டிலும் மிகக் குறைந்த சக்தியே செலவாகிறது. செம்பு அதிகம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம். கலந்தால் எஃகைக் காய்ச்சி உருட்டும்போது விரிசல் காணும். ஆனால் நம் நகரங்களில், இடிபாட்டிலிருந்து உருவிய வளைந்த கம்பிகளைச் சுத்தியால் நிமிர்த்தி, அப்படியே புதிய வீடுகளுக்கு விற்கும் வழக்கம் காணப்படுகிறது. ஒருமுறை மிகையாக வளைந்து நிமிர்ந்த கம்பி, நீளும் தன்மையை இழந்து, பூகம்பம் போன்ற வேளையில் திடீரென முறியும். அதனை உலைக்கு அனுப்புவதே முறை.

கான்கிரீட்டிலிருந்து ஜல்லி

கம்பியினின்று பிரிந்த கான்கிரீட்டுக் கட்டிகள் தாடை யந்திரத்தில் நொறுக்கப்படுகின்றன. ஓடும் பட்டையின்மேல் தொங்கும் காந்தம், எஞ்சிய இரும்புத் துண்டுகளைக் கவர்ந்துகொள்கிறது. சல்லடைகள் பெரியதையும் சிறியதையும் பிரிக்கின்றன. நீரிலோ காற்றோட்டத்திலோ செலுத்தி, மரத்தூள், காகிதம், பிளாஸ்டிக் போன்ற இலேசான பொருள்களை நீக்குகின்றனர். முடிவில் கிடைப்பது மறுசுழற்சி ஜல்லியும் மணலும்.

இந்த ஜல்லி மலைக்கல் ஜல்லிக்கு முற்றும் நிகரன்று. ஒவ்வொரு கல்லின்மீதும் பழைய சிமெண்டுச் சாந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சாந்து நுண்துளைகள் நிறைந்தது. கருங்கல் தன் எடையில் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நீரை உறிஞ்ச, இது பல மடங்கு உறிஞ்சும். உலர்ந்த நிலையில் கலவையில் இட்டால், சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய நீரை இதுவே குடித்துவிடும். எனவே இதனை முன்னதாக நனைத்து வைத்தே கலக்க வேண்டும். சுவர்ப் பூச்சிலிருந்து வந்த ஜிப்சமும், உப்புப் படிந்த பகுதிகளும் கலந்திருக்கக் கூடாது. ஜிப்சத்திலுள்ள கந்தகச் சத்து கான்கிரீட்டைப் பிற்காலத்தில் வீங்கச் செய்யும். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இக்குணங்களை ஆராய்ந்தே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட 383-ஆம் எண் நியமத்தில் வரம்புகளை விதித்துள்ளது. கம்பி பதியாத கான்கிரீட்டில், ஜல்லியில் நூற்றுக்கு 25 பங்கு வரை மறுசுழற்சிக் கான்கிரீட்டு ஜல்லியைச் சேர்க்கலாம். கம்பி பதித்த கான்கிரீட்டில் நூற்றுக்கு 20 பங்கு வரை சேர்க்கலாம். அதுவும் எம் 25 என்னும் தரம் வரையிலேதான். தளத்தின் அடியில் இடும் வலுக் குறைந்த கான்கிரீட்டிற்கு முழுவதும் இதையே உபயோகிக்கலாம். சாலை அடித்தளம், நடைபாதைக் கற்கள், வரப்புக் கற்கள் ஆகியவற்றிற்கும் இது ஏற்றது.

சிமெண்டை மீட்பது மட்டும் நெடுங்காலம் கைகூடாத செயலாகவே இருந்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு ஒரு டன் கிளிங்கர் செய்வதற்குள் முக்கால் டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு வெளியாகிறது. இடித்த கான்கிரீட்டை ஜல்லியாக்குவதால் கல் மிச்சமாகுமேயன்றி, இவ்வாயு அதிகம் குறையாது. 2024-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதிய வழியை வெளியிட்டனர். பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கும்போது சுண்ணாம்புக்குப் பதிலாகப் பழைய சிமெண்டுச் சாந்தை இட்டால், மேலே மிதக்கும் கசடு மீண்டும் சிமெண்டுக்கான கிளிங்கர் ஆகிறது என்பதே அது. இடிந்த அரங்கின் எஃகும் சிமெண்டும் ஒரே உலையில் மறுபிறவி எடுக்கும் காலம் வரக்கூடும்.

கல் இல்லாத நாட்டின் அனுபவம்

கங்கையின் வண்டல் பல நூறு மீட்டர் ஆழத்திற்குப் படிந்துள்ள பகுதியில் கொல்கத்தா உள்ளது. அங்கே நிலத்தைத் தோண்டினால் களிமண்ணும் மணலுமே கிடைக்கும். கல் வேண்டுமாயின், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜார்க்கண்டின் பாகூர் போன்ற இடங்களிலிருந்தோ, பீர்பூம் மாவட்டத்திலிருந்தோ எரிமலைப் பாறையை உடைத்துக் கொண்டுவர வேண்டும். இதனால் வங்காளிகள் தொன்றுதொட்டுச் செங்கல்லை உடைத்து ஜல்லியாகப் பயன்படுத்தி வந்தனர். அதனை அவர்கள் 'கோவா' என்பர். அளவுக்கு மீறி வெந்து கறுத்த 'ஜாமா' செங்கல் இதற்கு உகந்தது. பழைய செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்புடன் சேர்த்தால் கிடைக்கும் சுர்க்கிச் சாந்து, நீரிலும் இறுகும் குணமுடையது. வெந்த களிமண்ணிலுள்ள மணற்சத்து சுண்ணாம்புடன் கூடிச் சிமெண்டைப் போன்ற பொருளை உண்டாக்குவதே இதன் ரகசியம். பழைய கட்டடங்களின் செங்கல்லை வீணாக்காத பழக்கம் வங்காளத்திற்குப் புதிதன்று. கான்கிரீட்டு வந்த பின்னரே அப்பழக்கம் தளர்ந்தது.

இடிபாட்டை அங்கு 'ராபிஷ்' என்றே வழங்குவர். அது பெரும்பாலும் பள்ளங்களை நிரப்பவே செல்கிறது. இங்கேதான் உண்மையான கேடு தொடங்குகிறது. நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் சதுப்பு நிலங்களும் மீன் குளங்களும் பரந்துள்ளன. 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இவை உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களாக ஏற்கப்பட்டன. நகரின் கழிவுநீர் இக்குளங்களுட் பாய்கிறது. சூரிய ஒளியில் பாசி வளர்ந்து பிராணவாயுவை வெளிவிட, நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க, மீன்கள் பாசியை உண்டு கொழுக்கின்றன. தெளிந்த நீர் நெல் வயல்களுக்குச் செல்கிறது. பெருஞ்செலவில் யந்திரங்கள் செய்யவேண்டிய சுத்திகரிப்பை, மீனவர்களும் சூரியனும் செய்து முடிக்கின்றனர். நகருக்கு மலிவான மீனும் கிடைக்கிறது.

இக்குளங்களின் ஓரத்தில் இரவில் ஒரு லாரி இடிபாட்டைக் கொட்டினால், நிலத்தின் விலை உயர்கிறது. குளத்தின் பரப்புக் குறைகிறது. கேடு பரப்புக் குறைவதோடு நிற்பதில்லை. புதிதாக நொறுங்கிய கான்கிரீட்டின்மேல் ஓடிவரும் நீர், சுண்ணாம்பு நீரைப் போலக் கடுங்காரமுடையது. தேங்கிய சிறு குளத்தில் அது மிகுதியாகச் சேர்ந்தால் மீன்கள் பிழைப்பதில்லை. நீர்நிலைகளைத் தூர்ப்பதை மேற்கு வங்கச் சட்டங்கள் தடுக்கின்றன. எனினும் இடிபொருளுக்கு வேறோர் இடமும் விலையும் இல்லாத வரையில், லாரிக்காரர் அருகிலுள்ள பள்ளத்தையே தேடுவார்.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கு எண்ணத்தக்கது. 1923-இல் திறக்கப்பட்ட பழைய வெம்ப்ளி அரங்கு 2003-இல் முற்றிலும் இடிக்கப்பட்டபோது, அதன் இடிபாட்டின் ஒரு பகுதி, வேறு பெருங்கட்டட வேலைகளின் இடிபாட்டுடன் சேர்ந்து, லண்டனின் மேற்கே நார்தோல்ட் என்னுமிடத்தில் நான்கு செயற்கைக் குன்றுகளாகக் குவிக்கப்பட்டு, பொதுமக்கள் பூங்காவாயிற்று. அந்நகரிலும் இடிபாடு நிலத்தை நிரப்பத்தான் சென்றது. ஆனால் எங்கே, எவ்வாறு, யாருக்காக என்பது முன்னமே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

தூசியும் தொழிலாளரும்

இடிப்பு வேலையில் எழும் தூசியில் ஆகக் கொடியது, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாகும். மணலில் உள்ள படிகச் சிலிக்காவின் துகள், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறியதாயின், மூக்கும் தொண்டையும் அதனைத் தடுப்பதில்லை. அது நுரையீரலின் காற்றறைகளுட் சென்று தங்கி, தழும்புகளை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய்க்கு மருந்து இல்லை. காச நோய் எளிதில் தொற்றவும் இது வழிசெய்கிறது. கல்லுடைக்கும் ஆலைகளில் வேலை செய்தவர்கள் இளம் வயதிலேயே இதனால் மடிவது வங்காளத்திற்கும் நம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் புதிய செய்தியன்று.

கான்கிரீட்டை மீண்டும் ஜல்லியாக்குவதால், கல்லுடைக்கும் ஊரில் ஏற்படும் தீங்கை நகரத்திற்கு இடம் மாற்றியதாக ஆகிவிடக் கூடாது. உடைக்கும் முனையிலேயே நீரைத் தெளித்தல், யந்திரங்களை மூடிய கொட்டகையில் வைத்தல், குவியல்களை ஈரமாக வைத்தல், தகுந்த முகமூடி அளித்தல் ஆகியவை செலவு மிகுந்தவை அல்ல. முகத்தில் கட்டிய துண்டு நுண்தூசியைத் தடுக்காது என்பதைத் தொழிலாளர்க்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துரைத்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் நீர் லாரிக்கும் முகமூடிக்கும் தனித் தொகை குறிக்கப்பட்டாலன்றி, போட்டி விலையில் முதலில் குறைக்கப்படுபவை இவையே.

விதிகளும் ஏற்பாடுகளும்

நம் நாட்டில் ஆண்டுதோறும் 15 கோடி டன் கட்டட இடிபாடு உண்டாகிறது என்பது பலகாலும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. இதனை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் தனி விதிகளை வெளியிட்டது. நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு வேலையில் மாதத்திற்கு 300 டன்னோ அதற்கு மேலோ இடிபாடு உண்டாக்குவோர், அதனை வகைபிரித்து, முன்கூட்டியே திட்டம் அளித்து அனுமதி பெறவேண்டும் என அவ்விதிகள் கூறின. 2025-இல் வெளியான புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் செயற்படத்தக்கவை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுபரப்புள்ள வேலைகளுக்கு, இடிபொருளை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பை அவை உரியவர்மீதே சுமத்துகின்றன. பெரிய விளையாட்டரங்குகள் பலவும் இவ்வரம்புக்குள் வரும்.

டில்லியில் புராரி என்னுமிடத்தில் 2009-ஆம் ஆண்டு முதல் இத்தகைய ஆலை இயங்கத் தொடங்கியது. கொல்கத்தா மாநகராட்சிக்கென ராஜர்ஹாட் வட்டாரத்தில் பாதர்காட்டாவில் நாளொன்றுக்கு 500 டன் வரை கையாளத்தக்க ஆலை ஏற்பட்டுள்ளது. மேலே கணக்கிட்ட மாடப்படிகள் 3,600 டன்னையும் இவ்வளவு திறனுள்ள ஆலை ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஜல்லியாக்கிவிடும். ஈடன் மாடங்கள் இடிக்கப்பட்ட காலத்தில் நகருக்கு இவ்வசதி இருந்ததில்லை. எனினும் ஆலை இருப்பதால் மட்டும் பயன் விளைந்துவிடாது. அங்கு உற்பத்தியாகும் ஜல்லியையும் நடைபாதைக் கற்களையும் வாங்குவோர் வேண்டும். பொதுப்பணித் துறைகளும் மாநகராட்சிகளும் தத்தம் விலைப்பட்டியல்களில் இவற்றைச் சேர்த்து, ஒரு பங்கேனும் கட்டாயமாக வாங்கினால், ஒப்பந்தக்காரரின் தயக்கம் நீங்கும். ஒவ்வொரு லாரியும் ஆலையில் எடை போடப்பட்டு, அச்சீட்டைக் காட்டிய பின்னரே இடிப்புக் கூலி வழங்கப்படும் என்னும் ஏற்பாடு, சதுப்பு நிலத்தைக் காவலரைவிட நன்றாகக் காக்கும்.

பிரிப்பதற்கென்றே கட்டுதல்

இறுதியாக ஒன்று கூறவேண்டும். இடிப்பதில் உள்ள தொல்லைகளிற் பல, கட்டும்போதே விதைக்கப்படுபவை. 2022-ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டிக்காகக் கத்தார் நாட்டில் எழுப்பிய அரங்குகளுள் ஒன்று, 974 கப்பல் சரக்குப் பெட்டிகளையும் எஃகுச் சட்டங்களையும் கொண்டு, முழுவதும் பிரித்தெடுக்கத் தக்கதாக அமைக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் அரங்கின் கூரை வளையத்தில், வேறு வேலைக்கெனச் செய்து எஞ்சிய எரிவாயுக் குழாய்கள் பயன்படுத்தப்பட்டன. வார்த்த கான்கிரீட்டுக்குப் பதிலாக, திருகாணியால் பிணைத்த படிகளையும் உத்தரங்களையும் கொண்டு மாடம் கட்டினால், நாளை அதனை இடிக்க வேண்டியதில்லை. கழற்றி வேறோர் ஊரின் மைதானத்திற்கு அனுப்பலாம். ஒரு மாவட்டத் தலைநகரின் பள்ளி மாணவர்க்கு, பெருநகர் கழித்த படிகள் புதிய அரங்காகும்.

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியே, 1960-களில் ஹூக்ளியின் வண்டலைக் குழாய்களில் நீருடன் கலந்து செலுத்தி, உப்பேரிகளை மேடாக்கிப் பெற்ற நிலமாகும். அந்நாளில் சதுப்பு நிலம் பயனற்றது என்று எண்ணப்பட்டது. இன்று அதன் அருமையை விஞ்ஞானம் நமக்கு அறிவித்துவிட்டது. எஞ்சிய நீர்நிலங்களைக் காப்பதும், மலைகளை மேலும் உடைக்காமல் இருப்பதும், இடிப்பவர் நுரையீரலைப் பேணுவதும் ஒரே வேலையின் மூன்று பகுதிகள். அடுத்த முறை நம் ஊரில் ஒரு மாடமோ மண்டபமோ இடிக்கப்படும்போது, புதியதன் வரைபடத்தோடு, பழையது செல்லும் இடத்தையும் கேட்டறிவது பொதுமக்கள் ஒவ்வொருவரின் உரிமையும் கடமையும் ஆகும்.